மெய்கண்ட தேவரும் கடல்நீர் உப்பும்

விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கெல்லையிலே, வங்கக் கடலையடுத்து, மரக்காணம் என்னும் ஊர் உளது. பழைய ஓய்மாநாட்டைச் சார்ந்ததாகச் சிறுபாணாற்றுப்படையிற் பேசப்படும் எயிற்பட்டினம் இவ்வூரே என அறிஞர் பலர் கருதுவர். சோழர் காலத்துக் கல்வெட்டுகளையுடைய பூமீசுவரர் கோயிலும், ஆந்திர நாட்டினின்று கரையோரமாக வரும் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும் இங்கே உள்ளன. எனினும், வழிச்செல்வோர் கண்ணை முதற்கண் ஈர்ப்பன இவ்வூரின் உப்பளங்களே. மழை ஓய்ந்தபின் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை மீண்டும் வருமளவும், உவர்நீரைப் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சி, வெயிலிலே முறுகவிட்டு, விளைந்த உப்பை நீண்ட கழியிற் பூட்டிய பலகையால் வாரி வரப்பிலே குவிக்குந் தொழில் இங்கு வழிவழியாக நடைபெற்று வருகின்றது.

எளிய பொருளாகிய இவ்வுப்பு, நம் நாட்டுத் தத்துவ நூல்களுள் இரண்டிடங்களிலே மிகப் பெரிய பொருளுக்கு உவமையாக நின்றது. சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்திலே, உத்தாலகர் என்னும் தந்தை தம் மைந்தன் சுவேதகேதுவை அழைத்து, நீரிலே உப்பையிட்டு மறுநாட் காலை கொணருமாறு பணிக்கின்றார். இட்ட உப்பை எடுக்கப் புகுந்த மைந்தன் அதனைக் காணாது திகைக்கின்றான். பின்னர், நீரை மேலும் நடுவும் அடியுமாக எடுத்துச் சுவைக்கும்போது எங்கும் உப்பாயிருத்தலை உணர்கின்றான். கண்ணுக்குப் புலனாகாது எங்கும் நிறைந்திருக்கும் உண்மையும் அத்தகையதே. அவ்வுண்மையே நீ என்று தந்தை தெளிவிக்கின்றார். இஃது ஓரிடம். மற்றோரிடம், மரக்காணம் அமைந்த அதே மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரிலே, 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்ட தேவர் இயற்றிய சிவஞான போதம். அவரும் கடல்நீரையும் உப்பையும் எடுத்துக்காட்டினார். ஆயின், அவர் கண்ட முடிபு வேறு. உப்பு ஒன்று, முடிபு இரண்டு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேற்றுமையே அத்துவிதக் கொள்கையின் வலிமையையும் எல்லையையும் அறிதற்குத் தக்க வாயிலாகும். ஆதலின், அவ்வாசிரியர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

விருத்தாசலத்தை அடுத்த திருப்பெண்ணாகடத்திலே அச்சுத களப்பாளர் என்னும் வேளாண் செல்வர் ஒருவர் இருந்தார். நெடுங்காலம் மகப்பேறின்றி வருந்திய அவர், தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரை அடைந்து குறையிரந்தார். தேவாரத் திருமுறையிலே கயிறு சாத்திப் பார்க்குமாறு பண்டிதர் கூற, அவ்வாறு செய்தபோது, திருஞானசம்பந்தர் திருவெண்காட்டைப் பாடிய பதிகத்தில், முக்குள நீராடுவோர் மகப்பேறு எய்துவர் என்னும் கருத்துடைய பாட்டுக் கிடைத்தது. களப்பாளரும் அவர் மனைவியாரும் திருவெண்காடு சென்று முக்குளத்தில் நீராடி வழிபட்டனர். அதன் பயனாகப் பிறந்த மகவுக்கு அத்தலத்து இறைவன் பெயரால் சுவேதவனப் பெருமாள் என்று பெயரிட்டனர் என மரபு கூறும்.

குழந்தை தாய்மாமன் இல்லத்திலே, திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்தது. அவ்வூர் சைவர்க்கு ஏற்கெனவே புகழ்பெற்றதொன்றாம். மணக்கோலத்தில் இருந்த சுந்தரரை, முதிய வேதியர் வடிவில் வந்த இறைவன், ஓலை காட்டித் தன் அடிமை என வழக்காடி வென்ற இடம் அதுவே. ஆண்டானும் அடிமையும் எதிரெதிரே நின்று வழக்காடிய ஊரிலே, இறைவனும் உயிரும் ஒன்றா, இரண்டா என்னும் வினாவுக்கு விடை கண்ட ஆசிரியர் வளர்ந்தமை கருதத்தக்கது.

மூன்றாம் வயதிலே அக்குழந்தையைப் பரஞ்சோதி முனிவர் கண்டு, மெய்யுணர்வு அருளி, தம் ஆசிரியராகிய சத்தியஞான தரிசனிகள் பெயரையே தமிழாக்கி மெய்கண்டான் என்னும் பெயரைச் சூட்டினார் என்பர். இதனை வரலாறாகக் கொள்வாரும் உளர். அருட்கதையாகக் கொள்வாரும் உளர். எவ்வாறு கொள்ளினும், வடமொழியில் வழங்கிய பெயரொன்று தமிழுருப்பெற்றது போலவே, வடமொழியில் நெடுநாள் வழங்கிய வாதமொன்று இவரால் தமிழுருப் பெற்றது என்பதில் ஐயமில்லை.

மெய்கண்டாரை அடைந்து பாடங்கேட்ட மாணாக்கர் 49 பேர் என்பது மரபு. அவருள் தலைமை பெற்றவர் வந்த வகை வியப்புக்குரியது. குலகுருவாகிய சகலாகம பண்டிதர், பெயருக்கேற்ப ஆகமங்கள் அனைத்தையும் கற்றவர், ஆதிசைவ மரபினர், ஆண்டிலும் மூத்தவர். தம் மாணாக்கர் பலர் தம்மை விட்டு ஒரு சிறுவரிடம் செல்லுதலைக் கேட்டு, அதனை நேரிற் காண வெண்ணெய்நல்லூர்க்கு வந்தார். அப்போது மெய்கண்டார் ஆணவ மலத்தைப் பற்றிப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தார். ஆணவத்தின் உருவம் யாது எனப் பண்டிதர் வினவினார். மெய்கண்டார் ஒன்றும் உரையாது, வினவியவரை அடிமுதல் முடிவரை நோக்கினார். தாம் நின்ற நிலையே தம் வினாவுக்கு விடை என்பதனைப் பண்டிதர் உணர்ந்தார். அக்கணமே அடிபணிந்து மாணாக்கரானார். அருணந்தி சிவாசாரியார் என்னும் பெயர் பெற்று, சிவஞான சித்தியார், இருபா இருபஃது என்னும் நூல்களை இயற்றியவர் அவரே.

இனி, மெய்கண்டார் நூலை நோக்குவாம். சிவஞான போதம் 12 சூத்திரங்களையும் அவற்றுள் 40 அடிகளையுமே உடையது. அவற்றை 39 அதிகரணங்களாகப் பகுத்து, வார்த்திகப் பொழிப்பும் 81 எடுத்துக்காட்டு வெண்பாக்களும் சேர்த்துள்ளார். முன்னைய ஆறு சூத்திரங்கள் இறை, உயிர், தளை என்னும் மூன்றன் உண்மையையும் இயல்பையும் நிறுவும். பின்னைய ஆறும் வீடு பெறும் நெறியையும் பயனையும் கூறும். வடமொழி ரௌரவ ஆகமத்துச் சூத்திரங்களின் மொழிபெயர்ப்பே இந்நூல் என்பார் ஒரு சாரார். தமிழ் முதனூலே என்பார் மற்றொரு சாரார். அவ்வழக்கு எவ்வாறு முடியினும், வெண்பாக்களிலே உள்ள உவமைகள் தமிழ் மண்ணிலே விளைந்தவை என்பதற்குத் தடையில்லை.

அவர் எதிர்நோக்கிய கொள்கை சிறியதன்று. காலடியிற் பிறந்த சங்கரர், 8-ஆம் நூற்றாண்டளவில், உபநிடதங்களுக்கும் பிரம சூத்திரத்துக்கும் பகவத்கீதைக்கும் உரை வகுத்து, பிரமம் ஒன்றே மெய், உலகத் தோற்றம் அவித்தையால் விளைவது, உயிர் பிரமத்தின் வேறன்று என நாட்டினார். இக்கொள்கையின் வலிமையை முதலில் உள்ளவாறு ஒப்புதல் வேண்டும். அது மனிதனைத் தன் சிறுமையினின்று விடுவிக்கின்றது. என் உடல், என் குலம், என் ஊர் என்று சுருங்கிய எண்ணத்தை, கயிற்றிலே தோன்றிய பாம்பைப் போல, அறிவுவிளக்கின் முன் இல்லையாக்குகின்றது. இரண்டாவது ஒன்று உண்டாயின் அன்றோ அச்சம் உண்டாகும்? பிறன் என்பவன் இல்லாதவிடத்துப் பகைக்கும் அச்சத்துக்கும் இடமில்லை. ஏழை நோயாளி முதலியோருக்குச் செய்யும் தொண்டு தனக்கே செய்யும் தொண்டு என்று விவேகானந்தர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பேசியதும் இவ்வடிப்படை மேலேயேயாம். ஒருமையை இவ்வளவு துணிவாகச் சொன்ன தத்துவம் உலகில் மிகச் சிலவே.

ஆயின், ஒரு வினா எஞ்சுகின்றது. அவித்தையால் உலகம் தோன்றுகின்றதெனின், அவ்வவித்தை யாருடையது? பிரமத்தினுடையது எனின், தூய அறிவே வடிவான பொருளில் அறியாமை எவ்வாறு பற்றும்? உயிரினுடையது எனின், உயிர் என்னும் வேறுபாடே அவித்தையின் விளைவாயிருக்க, விளைவு தன் காரணத்துக்கு இடமாவது எங்ஙனம்? இவ்வினா பகைவர் கிளப்பியது மட்டுமன்று. அத்துவித நூலாருள்ளேயே வாசஸ்பதி மிசிரரின் வழியினர் உயிரைப் பற்றுக்கோடு என்றனர். விவரணத்தைப் பின்பற்றியோர் பிரமத்தையே பற்றுக்கோடு என்றனர். ஸ்ரீபெரும்பூதூரிற் பிறந்த இராமாநுசரும் தம் ஸ்ரீபாஷியத்தில் அவித்தைக் கொள்கைக்கு எதிராகக் கூறிய ஏழு தடைகளுள் இதனையே முதலாக வைத்தார்.

மெய்கண்டார் இவ்விடத்திலேதான் கடல்நீர் உப்பை எடுத்துக்கொண்டார். ஏழாம் சூத்திரத்தை விளக்கும் வெண்பாவொன்றில், அறியாமை மெய்யறிவாகிய இறைவனைச் சாராது, உயிரையே சாரும் என்பதற்கு அவர் காட்டிய உவமை அது. அதனை உரைவழி விரித்து நோக்கின் மூன்று பொருள்கள் காணப்படும். ஒன்று, கடல் பரந்து கிடக்கும் வெளி. இரண்டாவது, அவ்வெளியில் நிறைந்த நீர். மூன்றாவது, நீரிற் கலந்த உப்பு. கடல்நீர் ஒரு லிட்டரில் பொதுவாக ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. ஒரு துளியும் விடாது நீர் முழுதும் உவர்க்கின்றது. ஆயினும், அந்நீரையும் உப்பையும் ஒருங்கே தன்னுள் அடக்கிய வெளி உவர்ப்பதில்லை. வெளி இறைவனுக்கும், நீர் உயிருக்கும், உப்பு ஆணவ மலத்துக்கும் உவமையாயின. மூன்றும் ஓரிடத்திலேயே உள்ளன. ஒன்றை விட்டு ஒன்று பிரித்துக் காட்டவியலாது. எனினும், மூன்றும் ஒரே பொருளல்ல.

உத்தாலகர் உப்பிலே இறைமையைக் கண்டார். மெய்கண்டார் உப்பிலே தளையைக் கண்டார். முன்னவர் உவமை, எங்கும் நிறைந்த பொருள் ஒன்று உண்டு என்பதனை நெஞ்சில் ஆழப் பதிக்கின்றது. பின்னவர் உவமை, அவ்வாறு ஒரு பொருள் எங்கும் நிறைந்திருந்தும், நான் ஏன் துன்புறுகின்றேன் என்னும் கேள்விக்கு விடை தேடுகின்றது. நீர் சுவைக்கும் மைந்தனுக்கு ஒருமை போதும். துன்பமுற்று நிற்பவனுக்கோ, அத்துன்பம் தோற்றமே எனக் கேட்டல் போதாது. தன் துன்பம் மெய் என்றும், அது தன் இயல்பன்று என்றும், நீங்குதற்கு வழியுண்டு என்றும் அவன் அறியவேண்டும்.

இவ்வுவமையை உப்பளத்து வழியே இன்னும் சிறிது நீட்டிக் காணலாம்; இந்நீட்டம் எம்முடையதேயன்றி நூலாசிரியருடையதன்று. பாத்தியிலே கதிரவன் வெம்மையால் நீர் ஆவியாய் மேலெழுகின்றது. உப்பு கீழே தங்குகின்றது. நீர் தானாக உப்பை உதறுவதில்லை. வெளியிலிருந்து வெம்மை வரவேண்டும். உயிர் தன் முயற்சியால் மட்டும் தளை நீங்காது, அருளே நீக்கவேண்டும் என்பது சித்தாந்தம். மேலும், உப்பு அழிந்துபோவதில்லை. நீரின்மேல் அதன் ஆற்றலே ஒழிகின்றது. வீடுபேற்றிலும் மலம் அழிவதில்லை, அதன் வலியே அடங்குகின்றது என்றே சித்தாந்திகள் கூறுவர். ஆனால், மேலெழுந்த நீர் மழையாகி மீண்டும் கடலிற் புகுந்து உவர்க்கும். வீடுபெற்ற உயிர் மீண்டும் தளையுறாது. உவமை அவ்வளவில் நின்றுவிடும்.

இதனால் மெய்கண்டார் அத்துவிதம் என்னும் சொல்லைத் தள்ளினார் என எண்ணற்க. அவர் செய்தது அதனினும் நுட்பமானது. அச்சொல்லைத் தாமே ஏற்று, அதற்கு வேறு பொருள் கண்டார். துவிதம் என்றால் இரண்டு. முன்னுள்ள அகரம் மறுப்பு. மறுப்பு எதனை மறுக்கின்றது? இரண்டாவது பொருளே இல்லை என்பது ஒரு பொருள். இரண்டும் வேறு வேறாய்ப் பிரிந்து நிற்றல் இல்லை என்பது மற்றொரு பொருள். மெய்கண்டார் பின்னதையே கொண்டார். பொருள் ஒன்றே உளதாயின், ஒன்று என்று சொல்லுதற்கும் ஒருவர் இரார். ஒன்றெனச் சுட்டுவோன் ஒருவன் இருத்தலாலேயே, அவனும் உளன் என்பது பெறப்படும் என்பது அவர் வாதத்தின் சாரம். உடலும் உயிரும் போலக் கலப்பால் ஒன்றாயும், கண்ணும் கதிரவனும் போலப் பொருள்தன்மையால் வேறாயும், காணுங்கால் கண்ணொளியோடு உயிரறிவு கூடிநிற்பது போல உடனாயும் இறைவன் உயிர்களோடு நிற்கின்றான் என இம்மரபினர் இதனை விரிப்பர். 18-ஆம் நூற்றாண்டிலே திருவாவடுதுறைச் சிவஞான முனிவர், சிவஞான போதத்துக்கு மாபாடியம் வகுத்து, இம்மறுப்பின் இலக்கணத்தை நுணுகி ஆராய்ந்தார்.

நடுவுநிலையாளர் இனி எதிர்வழக்கையும் கேட்டல் வேண்டும். வேதாந்திகள் உலகியல் உண்மை வேறு, முடிந்த உண்மை வேறு என இருநிலை வகுப்பர். உலகியல் நிலையிலே துன்பமும் வழிபாடும் அறமும் மெய்யே என்பர். கனவிலே பட்ட அடி, விழிக்குமளவும் வலிக்கத்தானே செய்யும்? எனவே, அத்துவிதம் துன்பத்தைப் பொருட்படுத்தாது எனல் நேர்மையான குற்றச்சாட்டாகாது. மெய்கண்டார் கொள்கைக்கும் எல்லையுண்டு. இறை, உயிர், தளை மூன்றும் தொடக்கமற்றன என்று அவர் கொண்டமையால், தீமையை இறைவன் படைத்தான் என்னும் பழி நீங்கிற்று. ஆனால், இறைவனால் ஆகாத ஒன்று இறைவனோடு என்றும் உளது என்னும் புதிய சிக்கல் எழுந்தது. மலம் ஏன் உண்டு என்பதற்கு, என்றும் உண்டு என்பதே விடையாகின்றது. இறைவன் அனைத்தையும் இன்மையினின்று படைத்தான் எனக் கொள்ளும் கிறித்தவர்க்கும் தீமையின் தோற்றம் எளிய வினாவன்று. ஆதலால், எக்கொள்கையும் இவ்வினாவினின்று முற்றத் தப்பியதாகக் கூறுதல் அரிது.

மற்றோர் எல்லை சிந்தனையிலன்றி வாழ்விலே காணப்படுவது. காசியிலே எதிர்ப்பட்ட புலையரொருவர் கேட்ட கேள்வியால், ஆன்மாவில் வேற்றுமையின்மையைச் சங்கரர் ஒப்புக்கொண்டு வணங்கினார் என அவர் வரலாறு கூறுவோர் சொல்வர். ஆனால், பிரமசூத்திர உரையிலே, சூத்திரர்க்கு வேதக் கல்வியில் உரிமையில்லை என்றே அவர் முடிவு கூறியுள்ளார். முடிந்த உண்மையில் ஒருமையும், உலகியலில் வேற்றுமையும் இருத்தலாம் என இருநிலை வகுத்தமையால், மேனிலை கீழ்நிலையை மாற்றாது நின்றுவிட்டது. மெய்கண்டாரிடத்தோ, வேளாளச் சிறுவரின் அடியிலே ஆதிசைவ முதியவர் பணிந்தார். நூலும் எல்லோரும் கேட்கும் தமிழிலே எழுந்தது. இஃது அவர் நெறியின் பெருமை. எனினும், அவர் வழிவந்த மடங்களும் பிற்காலத்திலே குல வரம்பை முற்றக் கடந்தனவல்ல. ஒருமை பேசினும் உறவு பேசினும், கொள்கை தெருவுக்கு இறங்கி வருதல் தானாக நிகழ்வதன்று என்பதற்கு இரண்டும் சான்று.

மெய்கண்டாரின் பின், அருணந்தி, மறைஞான சம்பந்தர், உமாபதி சிவம் என ஆசிரியர் வரிசை தொடர்ந்தது. உமாபதியார் தம் சங்கற்ப நிராகரணத்தில் சக ஆண்டு 1235, அஃதாவது கி.பி. 1313, என்னும் காலக் குறிப்பைத் தந்தமையால், மெய்கண்டார் காலத்தை 13-ஆம் நூற்றாண்டு என ஒருவாறு துணிய முடிகின்றது. திருவதிகை மனவாசகம் கடந்தார் இயற்றிய உண்மை விளக்கமும் அவர் மாணாக்கர் மரபின் செல்வமே. பிற்காலத்துத் தாயுமானவர் வேதாந்தத்தையும் சித்தாந்தத்தையும் சமரசமாகக் காண முயன்றார். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவராயிருந்த அமெரிக்க மிஷனரி ஹாய்சிங்டன், 1854-இல் சிவஞான போதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1895-இல் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையும், 1948-இல் கார்டன் மாத்யூஸும் அந்நூலை மொழிபெயர்த்தனர். வேற்றுச் சமயத்தார் பலர் இந்நூலை நாடியதற்குக் காரணம், அன்பு செய்வோனும் அன்பு செய்யப்படுவோனும் இருவராய் நிற்க, அன்பிலே பிரிவின்றி ஒன்றாதல் கூடும் என்னும் கருத்து அவர்க்கும் அண்மையதாகப்பட்டமையே போலும்.

மாணவ நண்பர்காள்! தத்துவத்தை வெற்றி தோல்வி காணும் பந்தயமாகக் கருதி, ஒருவரை ஏற்றி மற்றொருவரை இழித்துப் பேசுதல் எளிது. சங்கரரும் மெய்கண்டாரும் வெவ்வேறு வினாக்களை முன்வைத்து விடை கண்டவர்கள். எல்லாவற்றுக்கும் அடியாக உள்ளது யாது என்பது முன்னவர் வினா. அதனோடு நான் எவ்வாறு உறவுடையேன், என் துன்பம் எவ்வாறு நீங்கும் என்பது பின்னவர் வினா. முன்னதைக் கேளாதவன் சிறுமையிலே தங்குவான். பின்னதைக் கேளாதவன், அண்டை வீட்டான் அழும்போது அது தோற்றமே என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் கூடும். ஆண்டுதோறும் ஐப்பசிச் சுவாதியில் மெய்கண்டாருக்குக் குருபூசை நிகழ்கின்றது. அந்நாளிலேனும், 40 அடிகளேயாகிய அவர் நூலை ஒருமுறை கையிலெடுத்து, சாந்தோக்கியத்தின் ஆறாம் அத்தியாயத்தோடு அருகருகே வைத்துப் படித்துப் பார்ப்போமாயின், இரண்டு உப்பும் ஒரே கடலினின்று வந்தவையே என்பதும், சுவைத்தவர் நாவே வேறு என்பதும் புலனாகும்.